வென்றவன் யார்? புத்தளக் கரையிலிருந்து ஓர் அறவினா

அழிவிலிருந்து மீண்டெழும் ஒரு சமுதாயத்திற்கு முதலில் வேண்டப்படுவது யாது? உணவு என்பர் ஒருசாரார்; உறையுள் என்பர் மற்றொரு சாரார். மனிதகுல வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குவோர் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்வர். அது கதை. ‘நாம் யார், எவ்வாறு பிழைத்தோம், எம்மைக் காத்தவன் யார்’ என்ற வினாக்களுக்கு விடை கூறும் ஒரு கதை இன்றி எந்த மக்கட் கூட்டமும் நெடுநாள் ஒன்றாக வாழ்ந்ததில்லை. அக்கதையின் நடுவில் பெரும்பாலும் ஒரு வீரன் நிற்கின்றான். அவ்வீரனைப் பற்றிய உண்மை, கதை கூறுவதற்கு மாறானதாயின் அவ்வுண்மையை அறிந்தவன் என்ன செய்தல் வேண்டும்? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

பேரழிவுக்குப் பிற்பட்ட உலகைக் கற்பனை செய்யும் நாவல்கள் மேலைநாடுகளில் இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர்ப் பெருகின. அணுக்குண்டைக் கண்ட தலைமுறை அவ்வாறு எழுதியதில் வியப்பில்லை. வோல்ற்றர் மில்லர் என்ற அமெரிக்கரின் நாவலொன்று 1959இல் வெளிவந்தது. அணுயுத்தத்தில் நாகரிகம் அழிந்தபின், லைபோவிற்ஸ் என்ற பொறியியலாளரின் நினைவைத் துறவிகள் சிலர் போற்றிவருகின்றனர். அவர் கைப்பட எழுதிய கடைச்சாமான் பட்டியலொன்று அவர்களுக்குத் திருப்பொருளாகிவிடுகின்றது. 1968இல் கீத் றொபேட்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதிய நாவலில், இருபதாம் நூற்றாண்டிலும் தெருக்களில் நீராவி வண்டிகளே ஓடுகின்றன. இவற்றின் வழிவந்த கதைகளில் இரண்டு கூறுகள் அடிக்கடி இணைந்து வரும். ஒன்று, எண்ணெயும் மின்சாரமும் இழந்த உலகம் நீராவியைக் கொண்டு மீண்டும் எழுதல். மற்றையது, அவ்வுலகைத் தோற்றுவித்த போர்வீரனைப் பற்றிய உண்மை பின்னொருநாள் வெளிப்படுதல்.

இவை தொலைதேசத்துக் கற்பனைகள். இவற்றிற்கும் எமக்கும் யாது தொடர்பு என வாசகர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. கற்பிட்டிக் குடாநாட்டிற்குச் செல்வோமாயின் அது புலனாகும்.

நுரைச்சோலையின் நீராவி

நீராவி யுகம் முடிந்துவிட்டது என நாம் எண்ணுகின்றோம். 1926இல் புத்தளத்தை எட்டிய புகையிரதப் பாதையில் அன்று ஓடிய நீராவி இயந்திரங்கள் இன்று இல்லை என்பது உண்மையே. ஆயினும் அப்பாதை முடிவுறும் நகரிலிருந்து களப்பைச் சுற்றிக் கற்பிட்டி வீதியிற் சென்றால், நுரைச்சோலையில் இலங்கையின் மிகப்பெரிய அனல்மின் நிலையம் நிற்கின்றது. 2006இல் கட்டுமானம் தொடங்கிய இந்நிலையத்தின் முதலாவது அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014அளவில் ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று வலுவுடைய மூன்று அலகுகளும் நிறைவுற்றன. இறக்குமதி செய்யப்படும் நிலக்கரி அங்கே எரிகின்றது. அவ்வெப்பத்தால் நீர் ஆவியாகின்றது. அழுத்தமிக்க ஆவி சுழலியைச் சுழற்றுகின்றது. சுழலி மின்பிறப்பாக்கியை இயக்குகின்றது. வேலை முடித்த ஆவி கடல்நீரின் குளிர்ச்சியால் மீண்டும் நீராகிக் கொதிகலனுக்குத் திரும்புகின்றது. 1884இல் சாள்ஸ் பார்சன்ஸ் ஆக்கிய நீராவிச் சுழலியின் தத்துவமே இது. எமது பல்கலைக்கழக நூலகத்தில் எரியும் விளக்கும் பெருமளவிற்கு நீராவி விளக்கே எனலாம்.

இந்நிலையத்திற்கு இடப்பட்ட பெயர் ‘லக்விஜய’ என்பதாகும். ‘இலங்கையின் வெற்றி’ எனப் பொருள்படும் இப்பெயருக்குள், மகாவமிசம் கூறும் முதல் அரசனின் பெயரும் ஒலிக்கின்றது. விஜயன் வந்திறங்கிய தம்பபண்ணி, புத்தளத்திற்கு வடக்கே குதிரைமலையை அடுத்த கரையே எனக் கருதுவோர் உளர். உள்நாட்டு யுத்தம் 2009இல் முடிவடைந்து இரண்டாண்டுகளின் பின் இயங்கத் தொடங்கிய ஒரு கொதிகலனின்மீது வெற்றி என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்கின்றது.

இனி ஒரு கற்பனை. ஐந்நூறு ஆண்டுகள் கழிந்துவிட்டதாகக் கொள்வோம். கடல் உயர்ந்து களப்பும் கடலும் ஒன்றாகிவிட்டன. மின்கம்பிகள் துருப்பிடித்து வீழ்ந்துவிட்டன. எண்ணெய் என்பது ஒரு பழஞ்சொல். எஞ்சிய மீனவரும் உப்பு விளைவிப்போரும் பழைய இரும்பைக் காய்ச்சிச் சிறு கொதிகலன்கள் செய்து, தென்னம்மட்டையையும் கண்டற்கட்டையையும் எரித்து, நீர் இறைக்கின்றனர், படகு செலுத்துகின்றனர். மணலில் நிற்கும் மாபெரும் புகைபோக்கியின் அடியில் ‘விஜய’ என்ற எழுத்துக்களை ஒருவன் வாசிக்கின்றான். அன்றிலிருந்து ஒரு கதை பிறக்கின்றது. விஜயன் என்றொரு வீரன் கடல்கடந்து வந்தான், தீயைச் சிறைப்பிடித்தான், பகைவரை வென்றான், நீராவியை மக்களுக்கு அளித்தான். நன்னீருக்காகத் தம்முள் வெட்டிக்கொண்டிருந்த நான்கு குடியிருப்புகள் அவ்வீரனின் பெயரால் சமாதானம் செய்துகொள்கின்றன. ஆண்டுதோறும் விழா நடைபெறுகின்றது. நூறாண்டுகளாக அங்கே கொலை இல்லை.

அப்பொழுது ஓர் ஆசிரியர் பழைய ஆவணம் ஒன்றைக் கண்டெடுக்கின்றார். விஜயன் என எவனும் அங்கு போர் செய்யவில்லை. அது ஒரு மின் நிலையத்தின் பெயர். நிலக்கரித் தூசியும் சாம்பலும் தம் வயல்களிலும் வீடுகளிலும் படிவதாக அயற்கிராமத்தார் முறையிட்ட இடம் அது என்பதை அறிகின்றார். அவர் பேசவேண்டுமா? மௌனம் காக்கவேண்டுமா? அவர் பேசினால் நான்கு குடியிருப்புகளும் மீண்டும் வாளெடுக்கக்கூடும். பேசாவிடில் அவர் தம் மாணவருக்குக் கற்பிப்பது பொய்.

ஒரு போர், இரு வெற்றிகள்

இது வெறும் கற்பனையன்று. இதே கரையில் இத்தகையதொன்று ஏற்கனவே நிகழ்ந்திருக்கின்றது.

பதினைந்தாம் நூற்றாண்டில் கோட்டையிலிருந்து ஆண்டவன் ஆறாம் பராக்கிரமபாகு. அவன் காலத்தில் புத்தளக் கரையில் முக்குவர் வலிமை பெற்றிருந்தனர் என்றும், அவர்களை அடக்க அரசன் காஞ்சிபுரம், காவிரிப்பட்டினம், கீழக்கரை ஆகிய இடங்களிலிருந்து 7,740 வீரரை வரவழைத்தான் என்றும் ‘முக்கர ஹட்டன’ எனும் சிங்கள ஏட்டுச்சுவடி கூறுகின்றது. புத்தளக் கோட்டை மூன்று மாதம் முற்றுகையிடப்பட்டது, பலர் மடிந்தனர், இறுதியில் முக்குவர் தோற்றனர். வந்த படைத்தலைவருள் ஒருவனான மாணிக்கத் தலைவன் அப்போரில் வீழ்ந்தான். வென்ற கரையார் படையினருக்கு அரசன் மேற்குக் கரையில் நிலமும் சிறப்பும் வழங்கினான். இது சுவடி தரும் செய்தி.

புத்தளப் பகுதி முக்குவரிடையே வழங்கிய மரபோ இதற்கு நேர்மாறானது. அம்மரபில் மாணிக்கத் தலைவனின் கீழ் வந்த கரையாரை, அராபியரின் துணைகொண்டு முக்குவரே வென்றனர். அந்நட்பின் விளைவாகவே முக்குவருட் பலர் இஸ்லாத்தைத் தழுவினர் என்றும் அம்மரபு சொல்லும். போர் ஒன்று, வீழ்ந்தவன் பெயரும் ஒன்று, ஆனால் வென்றவர் இரு திறத்தார். இரு கதைகளும் தத்தம் மக்களுக்கு ஒவ்வொரு பயனைத் தந்தன. முதலாவது, நிலவுரிமைக்கும் அரச வரிசைக்கும் சான்றாயிற்று. இரண்டாவது, ஒரு மதமாற்றத்திற்கும் அயலாரோடு கொண்ட உறவிற்கும் விளக்கமாயிற்று. கதை எதுவாயினும் அது ஒரு தேவையை நிறைவேற்றியது என்பது ஈண்டு கவனிக்கத்தக்கது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. அரசன் தத்தெடுத்து வளர்த்த சப்புமல் குமாரயன் எனும் செண்பகப் பெருமாள், மாணிக்கத் தலைவனின் மைந்தனே என ஒரு மரபு கூறுகின்றது. போத்துக்கேய வரலாற்றாசிரியரான தியோகோ தோ கூட்டோவும் அவன் தந்தை அக்கரையிலிருந்து வந்த ஒரு பணிக்கன் என்றே எழுதினார். இவனே 1450 அளவில் யாழ்ப்பாண அரசை வென்றவன். 1467இல் பராக்கிரமபாகு இறந்தபின், அரசுகட்டில் ஏறிய அவன் பேரனை நீக்கி, ஆறாம் புவனேகபாகு என்ற பெயருடன் கோட்டையை ஆண்டவன்.

இவ்வொரு மனிதனைப் பற்றி எத்தனை குரல்கள்! தெவிநுவரையிலிருந்து குயிலைத் தூதுவிடும் ‘கோகில சந்தேசய’ அவனை யாழ்ப்பாணத்தில் அமர்ந்த வெற்றிவீரனாகப் பாடுகின்றது. ‘இராஜாவலிய’ அவன் ஆரியச் சக்கரவர்த்தியைக் கொன்றான் என்கின்றது. மயில்வாகனப் புலவரின் ‘யாழ்ப்பாண வைபவமாலை’யோ அவ்வரசன் கொல்லப்படவில்லை, தன் மைந்தருடன் இந்தியாவுக்குத் தப்பிச் சென்று பதினேழாண்டுகளின் பின் மீண்டுவந்தான் என்கின்றது. அந்நூலில் இடைப்பட்ட அவ்வாட்சி கொடுங்கோன்மை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் கட்டியத்திலோ புவனேகபாகு என்ற பெயர் இன்றும் போற்றப்பட்டு வருகின்றது. அப்புவனேகபாகு இவனே என ஒருசாராரும், முந்தைய ஆரியச் சக்கரவர்த்தியொருவனின் அமைச்சன் என மற்றொரு சாராரும் வாதிடுவர். ஒருவருக்குப் பகைவரை அழித்த வீரன். மற்றவருக்கு அந்நியக் கொடுங்கோலன். வேறொருவருக்குக் கோயிலைக் கட்டிய பக்தன். கரையோர மக்களுக்குத் தந்தையைப் போரில் இழந்த தங்கள் பிள்ளை.

கோட்டையில் அவன் அரசனானபோது கிளர்ச்சியொன்று எழுந்தது. அதனை அடக்கி, கிளர்ந்தோரை மன்னித்த செய்தியைத் தெதிகமக் கல்வெட்டு தருகின்றது. அவன் பிறப்பைப் பற்றிய ஐயமே அக்கிளர்ச்சிக்கு ஒரு காரணம் என ஆய்வாளர் சிலர் கருதுவர். வெல்லும்வரை அவன் எங்கிருந்து வந்தவன் என்று கேட்கப்படவில்லை. ஆளத் தொடங்கியதும் கேட்கப்பட்டது. வீரனைப் பற்றிய உண்மையை மக்கள் எப்பொழுதும் அறிவுவேட்கையால் தேடுவதில்லை. சிலவேளைகளில் அதனை ஒரு படைக்கலமாகவும் தேடுகின்றனர். உண்மை பேசுவோர் இதனை மறத்தலாகாது.

மௌனத்தின் பக்கம் நிற்கும் நியாயங்கள்

எமது கற்பனை ஆசிரியரிடம் மீண்டும் வருவோம். பேசாதிருக்குமாறு அவருக்கு அறிவுரை கூறக்கூடியோர் சாமானியரல்லர்.

முதலாமவர் பிளேட்டோ. தமது ‘குடியரசு’ நூலில், நற்சமுதாயம் ஒன்றை நிலைநிறுத்த மேன்மையான பொய்யொன்று தேவைப்படும் என்று அவர் கூறுகின்றார். மக்கள் யாவரும் மண்ணிலிருந்து பிறந்த உடன்பிறப்புக்கள். ஆயினும் ஆள்வோரின் உயிரில் பொன்னும், காவலரின் உயிரில் வெள்ளியும், உழைப்போரின் உயிரில் இரும்பும் வெண்கலமும் கலக்கப்பட்டுள்ளன என்பது அப்பொய். இரண்டாமவராக வள்ளுவரையே சிலர் அழைத்துவருவர். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அவர் கூறியிருக்கின்றார் அல்லவா? நூறாண்டுச் சமாதானத்தைவிடப் பெரிய நன்மை யாது என்று அவர்கள் கேட்பர்.

மறுபுறத்தில் ஜேர்மானிய மெய்யியலாளர் காண்ட் நிற்கின்றார். நண்பனைக் கொல்லத் தேடிவரும் கொலைஞனிடங்கூடப் பொய்யுரைத்தல் ஆகாது என 1797இல் அவர் எழுதினார். இக்கூற்று எம்மில் எவருக்கும் உடன்பாடாகாது. அடைக்கலம் புகுந்தவனைக் காட்டிக்கொடுக்கும் வாய்மை எமது மரபில் வாய்மையெனப்படுவதில்லை. எவர்க்கும் தீங்கற்ற சொல்லே வாய்மையென வள்ளுவர் வரையறுத்ததும் இதனாலேயே. ஆகவே, ‘உண்மை உண்மையே, விளைவு எதுவாயினும் சொல்லிவிடு’ என்ற எளிய விடை எமக்குப் போதாது.

ஆயின் மௌனத்தின் நியாயங்கள் போதுமா? வள்ளுவர் இட்ட நிபந்தனையை மீண்டும் நோக்குவோம். நன்மை தரும் பொய் எனப் பொதுப்பட அவர் கூறவில்லை. குற்றமற்ற நன்மை என்றார். அந்நன்மையில் மாசு சிறிதும் இருத்தலாகாது. போர்வீரனைப் பற்றிய பொய் இந்நிபந்தனையை நிறைவேற்றுவது அரிது. ஏனெனில் ஒவ்வொரு வெற்றிக் கதைக்குள்ளும் தோற்ற ஒருவன் இருக்கின்றான். வென்றவனின் பெருமை எவ்வளவு மிகைப்படுத்தப்படுகின்றதோ, அவ்வளவிற்குத் தோற்றவன் சிறுமைப்படுத்தப்படுகின்றான். பொய்யின் விலையை அதனாற் பயன்பெறுவோர் கொடுப்பதில்லை, வேறொருவர் கொடுக்கின்றார். பிளேட்டோவின் பொய்யிலும் விலை கொடுப்பவர் இரும்பும் வெண்கலமும் கலந்த உயிரினர் எனப்பட்டோரே. அவர்களை எவரும் கலந்தாலோசிக்கவில்லை.

அடைக்கலம் புகுந்தவனைக் காக்கச் சொல்லப்படும் பொய்க்கும் வீரனைக் காக்கச் சொல்லப்படும் பொய்க்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவே. முன்னது வலியவனிடமிருந்து மெலியவனைக் காக்கின்றது; ஆபத்து நீங்கியதும் அதுவும் நீங்கிவிடும். பின்னது வென்றோரைத் தோற்றோரின் கேள்வியிலிருந்து காக்கின்றது. அதற்கு முடிவே இல்லை.

ஒட்டுப்போட்ட கொதிகலன்

நீராவியின் வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். 1865 ஏப்ரல் 27ஆம் திகதி, அமெரிக்க உள்நாட்டு யுத்தம் முடிவுறும் தறுவாயில், மிசிசிப்பி ஆற்றில் ‘சுல்தானா’ என்ற நீராவிக் கப்பல் வெடித்துத் தீப்பற்றியது. சிறைமுகாம்களிலிருந்து விடுதலையாகி வீடு திரும்பிக்கொண்டிருந்த போர்வீரரே அதில் பெருந்தொகையினர். 1,100இற்கு மேற்பட்டோர் மாண்டனர். சில நாட்களுக்கு முன்னரே அதன் கொதிகலனில் பழுது காணப்பட்டிருந்தது. முறையாகத் திருத்துவதாயின் நாட்கள் செல்லும். வீரரை ஏற்றிச்செல்வதற்கான கூலி கைநழுவிப்போகும். எனவே அவசரமாக ஓர் ஒட்டுப்போட்டுக் கப்பலைச் செலுத்தினர். கொள்ளளவிற்குப் பன்மடங்கு அதிகமானோரை ஏற்றியிருந்தனர். ஜனாதிபதி லிங்கனின் கொலையிலும் யுத்த வெற்றியிலும் ஆழ்ந்திருந்த நாடு இவர்களின் சாவைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. போர்க்களத்தில் மடிந்திருந்தால் நினைவுத்தூணில் இடம்பெற்றிருக்கக்கூடியோர், ஒட்டுப்போட்ட தகட்டினால் மடிந்தமையால் மறக்கப்பட்டனர்.

பொய்யினால் ஒற்றுமைப்படுத்தப்பட்ட சமுதாயமும் ஒட்டுப்போட்ட கொதிகலனை ஒக்கும். அது ஓடும், சிலகாலம் நன்றாகவே ஓடும். உள்ளிருக்கும் அழுத்தம் எவ்வளவு என்பதை எவரும் அறியார். அழுத்தமானி பார்ப்பவனைத் துரோகி என்றழைத்தால் அழுத்தம் குறைந்துவிடாது. எமது நான்கு குடியிருப்புகளின் நூறாண்டுச் சமாதானமும் இத்தகையதே. பொய் தானாக வெளிப்படும் நாளில், சமாதானத்தை விரும்பாதவன் ஒருவனே அதனை முதலிற் கையிலெடுப்பான். ஆசிரியர் அன்போடு சொல்லாத உண்மையைப் பகைவன் வெறுப்போடு சொல்வான்.

எமது பழைய நூல்கள் இதனை அறிந்திருந்தன. விஜயனை முதல் அரசனாகக் காட்டும் மகாவமிசமே, அவன் தன் தீச்செயல்களால் நாடுகடத்தப்பட்டவன் என்பதையும், தனக்கு அரசளித்த குவேனியைக் கைவிட்டவன் என்பதையும் மறைக்கவில்லை. புத்தள மாவட்டத்தின் உடப்பில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு விழாவோடு நினைவுகூரப்படும் பாரதக் கதையும் அத்தகையதே. துரோணரை வீழ்த்தத் தருமன் கூறிய பாதிப்பொய்யை அக்கதை மூடிமறைக்கவில்லை. நிலத்துக்கு நான்கு விரல் மேலே சென்ற அவனுடைய தேர் அக்கணமே மண்ணைத் தொட்டது என்கின்றது. போர் முடிந்தபின்னரே கர்ணன் தன் மூத்தவன் எனத் தருமன் அறிகின்றான். அவன் பெற்ற வெற்றி அக்கணத்திற் கசந்துவிடுகின்றது. குந்தி அவ்வுண்மையை முன்னரே எல்லோரும் அறியச் சொல்லியிருந்தால் போர் நிகழ்ந்திராது என்று எண்ணாத வாசகர் எவர்? பாரதம் வீரரைப் பாடியது. வீரரைப் பற்றிய உண்மையையும் உடன் பாடியது. கேட்போர் அதனால் பக்தி குறைந்து போகவில்லை. தீமிதிக்க இன்றும் வருகின்றனர்.

களப்பின் கரையில் வந்திறங்கியோர்

இதுவரை கூறியவை பழங்கதைகளும் வருங்காலக் கற்பனைகளுமாகும். இவற்றோடு நிறுத்திக்கொள்வது எளிது, நேர்மையாகாது. ஏனெனில் எமது காலத்திலேயே உலகம் அழிந்துபோனதைக் கண்டோர் இப்புத்தளக் கரையில் வாழ்கின்றனர்.

1990 ஒக்ரோபரில் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 70,000இற்கு மேற்பட்டோர் சில நாட்களுக்குள் தம் ஊர்களை இழந்தனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களிற் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். புத்தளத்து மக்கள் தம்மிடம் இருந்ததைப் பகிர்ந்தனர். ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய முகாம் வாழ்க்கை ஒரு தலைமுறையைக் கடந்தது. வெளியேற்றியோரும் தமிழ் பேசினர். வெளியேற்றப்பட்டோரும் தமிழே பேசினர்.

வீரரைப் போற்றும் மரபு எம்மிடையே ஓங்கியிருந்த காலம் அது. அப்போற்றுதலுக்குள் இவ்வுண்மைக்கு இடமிருக்கவில்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில், அவ்வெளியேற்றம் ஓர் அரசியல் தவறு என அவ்வியக்கத்தின் சார்பில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. அப்பன்னிரண்டு ஆண்டுகளும் எம்மிற் பலர் அறிந்தே மௌனம் சாதித்தோம் என்பதை இங்கு கூறாமல் விடுவது மற்றுமொரு மௌனமாகிவிடும். மௌனத்திற்கு நாம் சொல்லிக்கொண்ட காரணம், எமது கற்பனை ஆசிரியருக்கு அவர் நண்பர்கள் சொல்லக்கூடிய அதே காரணமே: ‘இது நேரமன்று; ஒற்றுமை குலைந்துவிடும்.’

மறுபுறத்தில், 2009இன் பின்னர் அரசும் தன் போர்வீரரைப் போற்றி வெற்றித்தூண்கள் எழுப்பியது. முள்ளிவாய்க்காலில் மடிந்த பொதுமக்களைப் பற்றிய கேள்விகள் அத்தூண்களின் அருகே தேசத்துரோகமாயின. இரு தரப்பு வீரகாவியங்களும் ஒன்றையொன்று மறுத்தன. ஆனால் ஒரு செய்கையில் ஒன்றுபட்டன. வீரனின் நிழலில் வீழ்ந்தவர் யார் என்ற கேள்வியை இரண்டும் தடுத்தன. மகனை இழந்த தாயின் துயரம் எந்தத் தரப்பிலும் பொய்யன்று. அவன் துணிவும் பொய்யாகாமல் இருக்கலாம். பொய்யாவது, அத்துணிவைக் காட்டி மற்றவரின் துயரத்தை இல்லையென்று சொல்வதே.

உண்மையைச் சொல்லும் முறை

ஆகவே எமது ஆசிரியர் பேசவேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் முடிவு. ஆயினும் எவ்வாறு பேசவேண்டும் என்பது பேசவேண்டுமா என்பதற்கு இணையான வினா.

தூணை இடித்துப் பேசுவது ஒருமுறை. கோட்டையில் எழுந்த கிளர்ச்சி போல, உண்மையைப் படைக்கலமாக்குவது அது. அதனால் வீரன் வீழ்வான், வேறொரு வீரன் அவ்விடத்தில் நிறுத்தப்படுவான், பொய் தொடரும். மற்றைய முறையை எமது நடுகல் மரபே கற்பிக்கின்றது. பழந்தமிழர் நட்ட கற்கள் பல, ஒருவன் உலகை வென்றான் என்று கூறவில்லை. இன்ன ஊரின் ஆநிரையை மீட்கும்போது இன்னான் இறந்தான் என அளவோடு கூறின. தமிழ்நாட்டின் எடுத்தனூரில் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, அவன் வீழ்ந்தபின்னும் கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயும் பெயரோடு பொறிக்கப்பட்டிருக்கின்றது. வீரனைப் போற்றும் கல், அவனோடு நின்ற நாயையும் மறக்கவில்லை. பெரிதுபடுத்தாமையும் விட்டுவிடாமையும் ஒருங்கே அமைந்த நேர்மை அது.

எமது ஆசிரியர் செய்யவேண்டுவதும் இதுவே. முதலில் நான்கு குடியிருப்புகளின் மூத்தோரையும் அழைத்து அவர் கண்ட ஆவணத்தை வாசித்துக் காட்டட்டும். ‘விஜயன் என்பது ஒரு பெயர் மட்டுமே, ஆனால் நூறாண்டுகளாகக் கொலையின்றி வாழ்ந்தவர் நீங்கள். அச்சமாதானத்தைச் செய்தவன் அவன் அல்லன். உங்கள் பாட்டன்மாரும் பாட்டிமாரும். நன்னீரைப் பங்கிட்டவர் அவர்கள். அவர்களின் பெயர்களை இப்புகைபோக்கியின் அடியில் எழுதுவோம். தூசியால் வருந்தியோரையும் உடன் எழுதுவோம்’ என்று சொல்லட்டும். பொய்யைக் களைபவன் அதன் இடத்தைப் பாழாக விடுதல் ஆகாது. மெய்யான நன்றியால் அதனை நிரப்புதல் வேண்டும்.

இதனால் சமாதானம் குலையாதா என்றால், குலையக்கூடும். அவ்வாபத்தை மறைப்பதும் ஒரு பொய்யே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பொய்யின்மேல் அமைந்த சமாதானத்தைக் காக்க ஒவ்வொரு தலைமுறையும் மேலும் ஒரு பொய் சொல்லவேண்டும். அறிந்து சொல்பவர் தொகையும் அறியாது நம்புபவர் தொகையும் பிரிந்துகொண்டே போகும். உண்மையின்மேல் அமையும் சமாதானம் மெலிதாயினும், அதனைக் காக்க எவரையும் வாய்மூடச் செய்யவேண்டியதில்லை.

மாணிக்கத் தலைவனை வென்றவர் யார் என்பதைப் புத்தளக் கரை இன்று ஒருமுகமாகச் சொல்லாது. இரு மரபினரின் வழிவந்தோரும் அதே களப்பில் வலை வீசுகின்றனர். இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துக் கேட்கும் பொறுமை எமக்கு வருமாயின், அண்மைக் காலத்து வீரரைப் பற்றியும் அவ்வாறே கேட்க இயலும். அப்பொறுமையைப் பயிற்றும் இடம் பல்கலைக்கழகம் அன்றேல் வேறெது? கற்பனை ஆசிரியரின் கையில் நாம் கொடுத்த ஆவணம் உண்மையில் எம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கின்றது. அதனை எப்பொழுது, யார் முன்னிலையில் வாசிக்கப்போகின்றோம் என்பதே எஞ்சியுள்ள வினா.